வீட்டின் வெப்பமும் தட்பமும்: கூரையிலிருந்து தொடங்குவோம்

(வீட்டுவசதிப் பணியாளர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில், ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடுகளைக் குளிர்விக்கவும் கதகதப்பாக வைத்திருக்கவும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். சூரிய மின்தகடுகள், வெந்நீர்ச் சாதனங்கள், புதுவகை மின்விசிறிகள் ஆகியவற்றை நான் விவரிப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றியும் கூறுவேன். ஆயினும் அதற்கு முன்னதாக, என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரு தவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1994ஆம் ஆண்டில், விதர்பப் பகுதியின் நகரம் ஒன்றில் ஏழைக் குடும்பங்களுக்கான ஒருதள வரிசை வீடுகள் என் மேற்பார்வையில் கட்டப்பட்டன. மதிப்பீடு ஒதுக்கப்பட்ட தொகையை மீறிவிட்டது. எதைக் குறைக்கலாம் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். கான்கிரீட் தளத்தின்மீது செங்கல் துண்டுகளைப் பரப்பிப் பூசும் மேல்தளப் பணியை நான் நீக்கினேன். அதற்கு மாற்றாக மெல்லிய சிமெண்டுப் பூச்சு ஒன்று போதும் என்று எழுதினேன். மழை ஒழுகாது, சுவர் உறுதியாக இருக்கும், எனவே வீடு வீடாகத்தான் இருக்கும் என்று எண்ணினேன். பணி குறித்த காலத்தில் முடிந்தது, பாராட்டும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஆய்வுக்காக அங்கே சென்றபோது, ஒரு வீட்டிலிருந்த பெண்மணி என்னை உள்ளே அழைத்தார். மாலை ஏழு மணி இருக்கும். வெளியே காற்று தணிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அடுப்பின் முன் நிற்பது போலிருந்தது. அவர் கோபமின்றியே சொன்னார்: "சாகேப், பழைய குடிசையில் இரவில் தூங்கினோம். இந்த வீட்டில் தூங்க முடியவில்லை. பிள்ளைகளைத் தெருவில்தான் படுக்க வைக்கிறேன்."

அவருக்குச் சொல்ல என்னிடம் விடை ஏதும் இல்லை. அந்த வீட்டில் மின்விசிறி இருந்தது. அது கூரையின் வெப்பத்தைத் தலையின்மீது இறைத்துக்கொண்டிருந்தது. இன்று உங்களிடம் நான் சொல்ல வந்த செய்தி அந்த அறையில் கற்றதுதான். முதலில் வீட்டின் கூரையையும் சுவரையும் சீர்செய்து, வெப்பத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். எஞ்சிய சிறு தேவையைச் சிக்கனமான கருவிகளாலும் சூரியனாலும் நிறைவு செய்ய வேண்டும். இந்த வரிசை மாறினால் செலவு மிகும், பயன் குறையும்; ஏழைக்குப் பயனே கிட்டாமலும் போகும்.

பெருகிவரும் தேவை

நம் நாட்டில் மரபுசாரா எரிசக்தி குறித்த சிந்தனை புதியதன்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அது வேகம் பெற்றது. 1982இல் மத்திய அரசில் இதற்கென்றே தனித் துறை ஏற்படுத்தப்பட்டது. 1992இல் அது தனி அமைச்சகமாயிற்று. எனினும் நெடுங்காலம் நமது கவனம் சாண எரிவாயு, சூரிய அடுப்பு, தெருவிளக்கு என்ற அளவிலேயே இருந்தது. வீட்டைக் குளிர்விப்பது செல்வர்களின் கவலை என்று கருதப்பட்டது.

அந்நிலை மாறிவிட்டது. மத்திய அரசு 2019ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அப்போது நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடமே ஏ.சி. இயந்திரம் இருந்தது. 2037-38ஆம் ஆண்டுவாக்கில் அது 40 விழுக்காட்டை எட்டக்கூடும் என்று அத்திட்டம் மதிப்பிட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், கடும் வெப்ப அலையின்போது, நாட்டின் உச்ச மின்தேவை ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. நமது மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. நிலக்கரியை எரித்து அறையைக் குளிர்வித்தால், அதன் புகை வானத்தை மேலும் சூடாக்குகிறது, ஏ.சி. இயந்திரமோ அறையின் வெப்பத்தைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தத் தெருவில்தான் ஏ.சி. இல்லாதவர் படுத்திருக்கிறார்.

ஆனால் குளிர்ச்சியே வேண்டாம் என்று ஒருவரும் சொல்ல இயலாது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத்தில் வீசிய வெப்ப அலையில், வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் 1,344 பேர் இறந்தனர் என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் வெப்பநிலை 51 டிகிரி செல்சியசை எட்டியது. இத்தகைய நாட்களில் குளிர்ந்த அறை என்பது சொகுசுப் பொருளன்று. அது உயிர்காக்கும் பொருள். குளிர்ச்சியை மறுக்காமல், அதற்காகும் எரிசக்தியை எவ்வாறு குறைப்பது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

கூரை செய்யும் வேலை

இதற்கு விடைகாண ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். மே மாதத்தில் நமது சமவெளிகளில் ஒரு சதுர மீட்டர் கிடைத்தளத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 யூனிட் அளவுள்ள சூரிய ஆற்றல் விழுகிறது. அப்படியானால் அந்தச் சிறிய கூரையின்மீது மட்டும் ஒரு நாளில் 150 யூனிட் விழுகிறது. பழகி அழுக்கேறிய கான்கிரீட் பரப்பு இதில் மூன்றில் இரு பங்கை, அதாவது 100 யூனிட்டை, உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த பரப்பு நான்கில் ஒரு பங்கையே, அதாவது 40 யூனிட்டுக்கும் குறைவாகவே, உறிஞ்சும். உறிஞ்சியதில் ஒரு பகுதி காற்றிலும் வானத்திலும் கலந்துவிடும் என்பது உண்மையே. எனினும் எஞ்சியது தளத்தின் வழியாக உள்ளே இறங்குகிறது.

இங்கே காலத்தைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் வெப்பத்தை உடனே விடுவதில்லை. நண்பகலில் மேற்பரப்பு சுடுகிறது. சில மணி நேரம் கழித்தே அடிப்பரப்பு சூடாகிறது. சூரியன் மறைந்த பின்னும் அந்தத் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தைக் கீழே உமிழ்ந்துகொண்டிருக்கும். உழைத்துக் களைத்தவர் உறங்க வேண்டிய நேரமும் அதுவே. உடல் இரவிலும் வெப்பத்திலிருந்து மீளாவிட்டால் மறுநாளைய வெயிலைத் தாங்கும் வலிமை குன்றிவிடுகிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெருங்கேடு.

நம் முன்னோர்கள் இதனை அறிந்திருந்தனர். ஜெய்சால்மரின் தடித்த மணற்கல் சுவர்களும், ஒன்றுக்கொன்று நிழல் தரும் நெருங்கிய வீதிகளும் வறண்ட வெயிலுக்கு ஏற்பட்டவை. கேரளத்தின் சரிந்த ஓட்டுக் கூரைகளும் நீண்ட இறவாரங்களும் ஈரமும் மழையும் மிக்க நிலத்துக்கு உரியவை. தமிழ்நாட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது வெகுகாலமாக இருந்துவரும் வழக்கம். மழைநீரை வடிப்பதுடன் வெயிலைத் தடுப்பதும் அத்தளவரிசையின் பணியாகும். நான் நீக்கிய மேல்தளமும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான்.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

முதலாவது, வெள்ளைக் கூரை. அகமதாபாத் மாநகராட்சி 2013ஆம் ஆண்டில் வெப்ப அலைச் செயல்திட்டத்தை வகுத்தது. தெற்காசியாவில் இதுவே முதலாவதாகும். பின்னர் 2017இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் முயற்சியையும் அது மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்து, 2028ஆம் ஆண்டுக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூரைகளை இவ்வாறு மாற்றுவதென்று இலக்கு வகுத்தது.

சுண்ணாம்பு அடிப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஏதும் தேவையில்லை. கோடை தொடங்குமுன் அடித்தால் அக்கோடை முழுதும் பயன் தரும். ஆனால் தூசி படியப்படிய அதன் பயன் குறையும், மழையில் கரையும், ஆகவே ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். அதற்கெனத் தயாரிக்கப்படும் வண்ணப்பூச்சுகள் சில ஆண்டுகள் நிலைக்கும், விலையும் கூடுதல். குஜராத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதித்துக் கூரை அமைப்பது பழகிப்போன முறை. அது நெடுநாள் உழைப்பதோடு நீர்க்கசிவையும் தடுக்கிறது. தகரத்தாலும் கல்நார்த் தகட்டாலும் ஆன கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சுடன், உட்புறம் சற்று இடைவெளி விட்டு ஒரு தட்டி அமைப்பதும் நலம் தரும்.

இரண்டாவது, வெப்பம் கடத்தாத அடுக்கு. இதைத் தளத்தின் மேற்புறத்தில் அமைப்பதே சிறந்தது. அப்போது வெயில் கான்கிரீட்டை எட்டுமுன்பே தடுக்கப்படுகிறது. உட்புறத்தில் மட்டும் அமைத்தால் கான்கிரீட் முழுதும் சூடேறி நிற்கும்.

மூன்றாவது, சுவரும் சன்னலும். கேரளத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டு பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி இடையில் காற்றறை விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையைப் பரப்பினார். அதனால் செங்கல் செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. சுவருக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. செலவைக் குறைப்பதும் வெப்பத்தைக் குறைப்பதும் பகையல்ல என்பதற்கு இது நல்ல சான்று. மேற்குப் பக்கச் சன்னலுக்கு மேலே உள்ள சன்சேடு மட்டும் போதாது. மாலைச் சூரியன் தாழ்ந்து வருவதால் வெளிப்புறத் தட்டியோ, மரமோ, திரையோ தேவை. கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை, வெப்பம் நுழைந்த பிறகே அதைத் தடுக்கிறது.

விசிறியும் கூலரும் ஏ.சி.யும்

வீட்டைச் சீர்செய்த பிறகே கருவிகளின் முறை வருகிறது. கருவிகளுள் முதலிடம் மின்விசிறிக்கே உரியது. சாதாரண மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும். பி.எல்.டி.சி. என்று கடைகளில் வழங்கும் புதுவகை விசிறி 30 வாட் அளவிலேயே அதே காற்றைத் தரும். நாளொன்றுக்கு 15 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் ஏறத்தாழ 200 யூனிட் மிச்சமாகும். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல் இந்தக் குறியீட்டையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வறண்ட வெயிலுள்ள பகுதிகளில் ஏர்கூலர் மிகச் சிறந்த கருவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் காற்றிலிருந்து கவர்ந்துகொள்கிறது. இதற்கு வேண்டிய மின்சாரம் ஒரு விசிறிக்கும் சிறு பம்புக்கும் மட்டுமே. ஆனால் கடற்கரை நகரங்களில் காற்றே ஈரமாக இருப்பதால் நீர் எளிதில் ஆவியாகாது. அங்கே இக்கருவி புழுக்கத்தையே கூட்டும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் நீரின் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏ.சி. இயந்திரம் தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுதல் நலம். ஒன்று, வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் ஆணையகம் கூறுகிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. விசிறியும் உடன் சுழன்றால் 26 டிகிரியும் இதமாக இருக்கும். இரண்டு, வெயிலைத் தடுத்த அறைக்குச் சிறிய இயந்திரமே போதும். சுடும் கூரைக்குக் கீழே பெரிய இயந்திரத்தை வாங்கி மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும். மூன்று, ஏ.சி.யில் உள்ள குளிர்பதன வாயு கசிந்தால், அது கரியமிலவாயுவைவிடப் பன்மடங்கு வன்மையுடன் புவியைச் சூடாக்கும். 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்படிக்கையை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டு, இவ்வகை வாயுக்களை 2047ஆம் ஆண்டுக்குள் 85 விழுக்காடு குறைக்க இசைந்துள்ளது. இதில் பழுதுபார்க்கும் தொழிலாளியின் பங்கு பெரிது. வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்க அவருக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்க வேண்டும்.

லடாக் காட்டும் வழி

இதுவரை வெயிலைப் பற்றியே பேசினேன். நம் நாட்டில் குளிரால் நடுங்கும் பகுதிகளும் உள்ளன. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. மரங்கள் அரிது. சாணத்தையும் விறகையும், பின்னாளில் மண்ணெண்ணெயையும் புகாரி என்னும் இரும்பு அடுப்பில் எரித்துக் குடும்பங்கள் குளிர்காலத்தைக் கழித்தன. அடைத்த அறையில் சூழும் புகை நாள் முழுதும் வீட்டிலிருக்கும் பெண்களின் நுரையீரலையே முதலில் தாக்கியது.

ஆனால் லடாக்கில் மேகம் குறைவு. குளிர்காலத்திலும் வெயில் தெளிவாக அடிக்கிறது. இதைப் பயன்படுத்தியே அங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்தது. பிரெஞ்சு அறிவியலாளர் பெலிக்ஸ் ட்ரோம்பின் பெயரால் வழங்கும் சுவர் ஒன்று உண்டு. தெற்கு நோக்கிய தடித்த சுவருக்குக் கருநிறம் பூசி, சற்று இடைவெளி விட்டு அதன் முன் கண்ணாடி அமைப்பார்கள். பகலில் சுவர் வெயிலை வாங்கிச் சேமிக்கும். இரவில் அறைக்குள் மெல்ல விடும். 1983இல் தொடங்கப்பட்ட லடாக் சூழலியல் வளர்ச்சிக் குழு இத்தகைய சுவர்களை ஊர்களில் பரப்பியது. பின்னர் தெற்குப் பக்கம் கண்ணாடிக் கூடம் இணைப்பதும், வடக்குச் சுவருக்கும் கூரைக்கும் வைக்கோலும் மரத்தூளும் திணிப்பதும் சேர்ந்தன. இவ்வாறு கட்டிய, அல்லது திருத்தியமைத்த வீடுகளில் எரிபொருள் தேவை ஏறத்தாழப் பாதியாகவும், அதற்குக் கீழாகவும் குறைந்தது. 1988இல் தோன்றிய செக்மோல் என்னும் கல்வி இயக்கம், லே நகருக்கு அருகே மண்ணால் கட்டிய தன் பள்ளி வளாகத்தைச் சூரிய வெப்பத்தைக் கொண்டே குளிர்காலம் முழுதும் நடத்திக் காட்டியது.

இந்தக் கருமைச் சுவரையும் கண்ணாடியையும் அப்படியே நாகபுரியில் அமைத்தால் அது கொடுமையாக முடியும். நமது தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை வெப்ப வறட்சி, வெப்ப ஈரம், கலப்பு, மிதம், குளிர் என ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருப்பது இதனால்தான். ஒரே வரைபடத்தை நாடெங்கும் அனுப்பும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

காஷ்மீரத்தில் மேகமூட்டம் மிகுதி. அங்கே தணலிட்ட காங்கிடியை அங்கிக்குள் வைத்துக்கொண்டே மக்கள் குளிரைத் தாங்கிவந்தனர். அத்தகைய இடங்களில், வெப்பம் வெளியேறாமல் வீட்டை அடைத்துவிட்டு, ஹீட் பம்ப் எனப்படும் வெப்பம் இறைக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். இது ஏ.சி. இயந்திரத்தைத் திருப்பி ஓட்டுவது போன்றதே. வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவில் வெப்பம் கிடைக்கும். கம்பிச் சுருள் ஹீட்டரோ ஒன்றுக்கு ஒன்றே தரும். கடுங்குளிரில் இக்கருவியின் திறன் குறையும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வெந்நீர்

நாட்டின் பெரும்பகுதியில் வீட்டுக்கு வெப்பம் தேவைப்படுவது குளியலறையில்தான். 20 டிகிரியில் உள்ள 100 லிட்டர் நீரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4.7 யூனிட் வேண்டும். குளிர்காலக் காலையில் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் கீஸரைப் போட்டால் மின்வலை திணறும். சூரிய வெந்நீர்ச் சாதனம் முந்திய நாள் வெயிலில் இந்த வேலையை முடித்து வைத்துவிடுகிறது. பெங்களூரு நகரின் மாடிகளில் இச்சாதனங்கள் நிறைந்திருப்பதற்கு அங்குள்ள விதியும் மின்கட்டணத் தள்ளுபடியும் காரணம். தொட்டியிலிருந்து குளியலறை வரையுள்ள குழாயை உறையிட்டு மூடாவிட்டால் வெப்பத்தின் ஒரு பகுதி வழியிலேயே போய்விடும். உப்பு நீர் உள்ள ஊர்களில் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அமைப்பவர் சென்ற பிறகு பராமரிப்பவர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

கூரையில் மின்நிலையம்

2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைக்க வகைசெய்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மத்திய அரசின் மானியமாகும். ஒரு கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். தகடுகள் கூரைக்கு நிழலாகவும் நிற்கும்.

ஆயினும் தகடு பகலில்தான் மின்சாரம் தரும். உறக்கம் இரவில் வருகிறது. நாளெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவில் அதை உமிழ, அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏ.சி. ஓட, அதற்கான மின்சாரம் நிலக்கரி நிலையத்திலிருந்து வருகிறது. பகலில் மின்வலைக்குக் கொடுத்து இரவில் திரும்பப் பெறும் கணக்கு, வீட்டுக்காரரின் கட்டணச் சீட்டை நேர்செய்யுமேயன்றி இரவின் நிலக்கரியைக் குறைக்காது. இரவின் தேவையைக் குறைப்பது கூரையின் சீர்மையே. இதனால்தான் முதலில் கூரை, பிறகு கருவி, அதன்பின் தகடு என்ற வரிசையை நான் வற்புறுத்துகிறேன்.

பொறுப்பு யாருடையது?

நண்பர்களே, இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடைபெறுவதில்லை? வீட்டைக் கட்டுபவர் ஒருவர். மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். வாடகை வீட்டின் கூரைக்கு வெள்ளையடிக்க உரிமையாளருக்கு ஆர்வமில்லை, குடியிருப்பவருக்கு உரிமையில்லை. ஒப்பந்தக்காரர் கட்டடத்தை ஒப்படைத்ததோடு விலகிவிடுகிறார். பொறியாளரோ, மதிப்பீட்டுத் தொகைக்குள் பணி முடிந்ததா என்பதற்கே விடை கூறக் கடமைப்பட்டவர். அவ்வீட்டில் மே மாத இரவு எப்படிக் கழிகிறது என்று எந்த அளவுப் புத்தகமும் கேட்பதில்லை.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் எரிசக்தித் திறன் ஆணையகம் குடியிருப்புக் கட்டடங்களுக்கான எகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவரும் சன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், கூரை எவ்வளவு கடத்தலாம் என்று அது வரையறுக்கிறது. 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புச் சட்டம் பெரிய குடியிருப்புக் கட்டடங்களையும் இத்தகைய விதிகளின் வரம்புக்குள் கொண்டுவர வழிசெய்துள்ளது. ஆனால் ஏழையின் ஒற்றை அறை வீடு அந்த வரம்புக்குக் கீழேயே நிற்கிறது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஊரக வீட்டுவசதித் திட்டத்தின்கீழ் மேலும் இரண்டு கோடி வீடுகள் கட்ட மத்திய அமைச்சரவை இசைவளித்தது. ஒரு வீடு ஐம்பது ஆண்டு நிற்கும் என்று கொண்டால், அவ்வீடுகளில் பிறக்கும் குழந்தைகள் நடுவயதை எட்டும் வரை அந்தக் கூரைகளின் கீழேயே வாழ்வார்கள். கூரையை ஒருமுறை சரியாக அமைத்தால் ஐம்பது கோடைகளுக்கு அது மின்சாரமின்றிப் பணிசெய்யும். தவறாக அமைத்தால் ஐம்பது கோடைகளுக்கு அக்குடும்பம் அதற்கான விலையைக் கொடுக்கும். கட்டுமானத்தின்போது சேர்ப்பதற்கு ஆகும் செலவைவிடப் பின்னர் திருத்துவதற்கு ஆகும் செலவு மிகுதி. எனவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, கூரையின் மேல்தளத்தை விரும்பினால் சேர்க்கும் பணியாக வைக்காமல், அடித்தளத்தைப் போல் நீக்கவியலாத பணியாக மதிப்பீட்டில் எழுதுங்கள். இரண்டாவதாக, கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைத் தமது வழக்கமான பராமரிப்புப் பணிகளுள் ஒன்றாக்கட்டும். வாடகைக் குடியிருப்போருக்கும் அந்த உரிமையை ஒப்பந்தத்தில் அளிக்கட்டும். மூன்றாவதாக, ஒப்படைத்த வீடுகளுக்கு ஒரு கோடைக்குப் பிறகு, மாலை வேளையில், ஒரு வெப்பமானியுடன் திரும்பச் செல்லுங்கள். அங்கே வாழ்பவரிடம் இரவில் உறக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

நான் சொன்ன அந்த வரிசை வீடுகளுக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றேன். மேல்தளம் போட நான் எழுதிய கோரிக்கை நிதியில்லை என்று திரும்பிவிட்டது. ஆனால் குடியிருந்தவர்கள் தாமே காசு திரட்டி, ஏணி வைத்து ஏறி, கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்தப் பெண்மணி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இப்போது சற்றுப் பரவாயில்லை, சாகேப்" என்றார். சற்றுப் பரவாயில்லை என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையில் நான் அந்த வீட்டைக் கட்டித் தரவும் இல்லை.

நாளை நீங்கள் அலுவலகம் திரும்பியதும் உங்கள் மேசையில் ஏதேனும் ஒரு மதிப்பீடு காத்திருக்கும். தொகை மீறியிருக்கும். எதைக் குறைக்கலாம் என்று மேலிடம் கேட்கும். அப்போது உங்கள் பேனா கூரைப் பணியின் வரிக்கு வந்ததும், அதை அடிக்காமல் அடுத்த வரிக்குச் செல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.